இடியாப்பம் நூடுல்ஸ் ஆகுமா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு இங்கிலாந்துக்காரர் ஒருவர் காலை உணவுக்கு வந்திருந்தார். அண்ணனோடு வேலை பார்ப்பவர். தட்டில் இடியாப்பத்தை வைத்ததும் இது என்ன என்று கேட்டார். ஆங்கிலம் தெரிந்தவன் என்ற பெயர் வீட்டில் எனக்குத்தான் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தயங்காமல், "திஸ் இஸ் சேம் லைக் நூடுல்ஸ்" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு முள்கரண்டியால் சுற்றி எடுக்கப் பார்த்தார். இடியாப்பம் சுற்றிக்கொள்ளவில்லை, பிய்ந்து பிய்ந்து விழுந்தது. அம்மா கிண்ணத்தில் தேங்காய்ப்பாலை ஊற்றி நீட்டினார். நூடுல்ஸுக்கு உரிய சூப் அதுதான் என்று நினைத்து ஒரு மடக்குக் குடித்தவர், உப்பை எதிர்பார்த்த இடத்தில் சர்க்கரை வந்ததும் கண்ணை அகல விரித்தார்.

என் வாக்கியத்தில் இரண்டு கோளாறுகள். 'சேம்' என்ற சொல்லை ஒட்டி 'லைக்' வராது என்பது ஒன்று. அதைத் திருத்துவது எளிது. இரண்டாவது கோளாறுதான் விருந்தாளியின் வாயில் போய் முடிந்தது: கொஞ்சம் போல இருப்பதை நான் முழுக்க ஒன்று என்று சொல்லிவிட்டேன். தமிழில் "நூடுல்ஸ் மாதிரி இருக்கும்" என்று சொல்லியிருந்தால் யாரும் அதை நூடுல்ஸ் என்றே நம்பியிருக்கமாட்டார்கள். 'போல', 'மாதிரி' இரண்டும் இழுத்த இழுப்புக்கு வருகிற சொற்கள். அச்சு அசலாக இருப்பதும் 'போல'தான், தூரத்திலிருந்து பார்த்தால் லேசாக நினைவுக்கு வருவதும் 'போல'தான். எவ்வளவு போல என்பதைக் கேட்பவர் நம் குரலை வைத்தே ஊகித்துக்கொள்வார். ஆங்கிலத்திலும் 'லைக்' அப்படிப்பட்ட சொல்தான். ஆனால் அதைப் பேசிப் பழகியவர்கள் பெரும்பாலும் அதற்கு முன்னால் ஒரு சிறு சொல்லை வைத்து அளவைச் சொல்லிவிடுகிறார்கள். நம் பள்ளிப் பாடங்களில் 'லைக்' வந்தது, அந்தச் சிறு சொற்கள் வரவில்லை.

முதலில் ஜோடிப் பொருத்தத்தை முடித்துவிடலாம். 'சேம்' என்றால் அதன் துணை 'ஆஸ்'. முன்னால் 'த' வேண்டும். "திஸ் இஸ் த சேம் ஆஸ் தட்." 'சிமிலர்' என்றால் துணை 'டு'. 'லைக்' தனிக்கட்டை, அதற்குத் துணை வேண்டாம். இந்த மூன்றையும் நாம் மாற்றிக் கோப்பதற்குக் காரணம் தமிழ்தான். "அதே மாதிரி" என்று மனத்தில் ஓடுகிறது; 'அதே' என்பது 'சேம்' ஆகிறது, 'மாதிரி' என்பது 'லைக்' ஆகிறது, 'சேம் லைக்' பிறந்துவிடுகிறது. "இதனோடு ஒத்துப்போகிறது" என்பதில் உள்ள 'ஓடு' உருபு 'வித்' என்று மாறி 'சிமிலர் வித்' ஆகிறது. ஆனால் தமிழே கைகொடுக்கிற இடமும் உண்டு. 'ரிசெம்பிள்' என்ற வினைச்சொல்லுக்குப் பின்னால் பலர் 'டு' சேர்க்கிறார்கள், அது தவறு. "தந்தையை ஒத்திருக்கிறான்" என்று ஐ உருபு போட்டுத்தானே சொல்கிறோம்? அதே போக்கில் "ஹி ரிசெம்பிள்ஸ் ஹிஸ் ஃபாதர்" என்றால் போதும், இடையில் எதுவும் வேண்டாம்.

எவ்வளவு போல?

அளவுக்கு வருவோம். சமையலறையை விட்டு வெளியே போகாமலேயே முழு ஏணியையும் ஏறி இறங்கலாம்.

சப்பாத்தியையும் மெக்சிகோக்காரர்களின் கோதுமை டோர்ட்டியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பலருக்கு வேறுபாடு தெரியாது. இதற்கு 'ஆல்மோஸ்ட் த சேம் ஆஸ்'. "எ சப்பாத்தி இஸ் ஆல்மோஸ்ட் த சேம் ஆஸ் எ வீட் டோர்ட்டியா." நம்முடைய 'கிட்டத்தட்ட அதேதான்'. 'மோர் ஆர் லெஸ் த சேம்', 'மச் த சேம்' இரண்டும் இதே படியில் இருப்பவை. 'ஏறக்குறைய' என்ற நம் சொல்லும் 'மோர் ஆர் லெஸ்' என்பதும் ஒரே எண்ணத்தில் இரண்டு மொழிகளில் முளைத்தவை என்று தோன்றும்.

ஒரு படி கீழே, அரிசிப் பாயசமும் ஆங்கிலேயர்களின் ரைஸ் புட்டிங்கும். இரண்டும் பால், அரிசி, சர்க்கரை. ஒன்று ஏலக்காய் மணக்கும், இன்னொன்றில் ஜாதிக்காய் தூவியிருப்பார்கள். இதற்கு 'வெரி சிமிலர் டு' அல்லது 'மச் லைக்' சரியாக இருக்கும். அதற்கும் கீழே தோசையும் பிரெஞ்சுக்காரர்களின் கிரேப்பும். இரண்டும் மாவை மெல்லியதாகப் பரப்பிச் சுடுவதுதான். ஆனால் கிரேப் மாவில் முட்டையும் பாலும் கோதுமையும் இருக்கும், அது புளிக்காது. இதற்கு 'ரேதர் லைக்' அல்லது 'ஃபேர்லி சிமிலர்'. என் இடியாப்பத்துக்கும் நூடுல்ஸுக்கும் உள்ள உறவு இதைவிடத் தளர்ந்தது. அது 'எ பிட் லைக்', எழுத்து நடையில் 'சம்வாட் சிமிலர் டு'. கடைசிப் படியில் ரசமும் சூப்பும். தெளிவாக, சூடாக, குடிக்கத்தக்கதாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு உறவு இல்லை. அதற்கு 'வேக்லி லைக்' போதும். அதற்கும் கீழே ஏணியே இல்லை, தரைதான்: 'நத்திங் லைக்'. துளியும் ஒற்றுமை இல்லை என்பதற்கு அது.

இந்த ஏணியில் வழுக்குகிற படி ஒன்று உண்டு. 'க்வைட்' என்ற சொல். 'க்வைட் சிமிலர்' என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால் பெரும்பாலும் 'ஓரளவு' என்று பொருள். அமெரிக்கர் சொன்னால் 'மிகவும்' என்று பொருள். ஆனால் 'டிஃபரன்ட்' என்ற சொல்லின் முன்னால் வந்தால் ஆங்கிலேயர் வாயிலும் அது 'முற்றிலும்' ஆகிவிடும்: 'க்வைட் டிஃபரன்ட்' என்றால் முற்றிலும் வேறு. இன்னொரு வேடிக்கை: 'நாட் த சேம்' என்றால் 'ஒன்று இல்லை'. நடுவில் 'க்வைட்' நுழைந்து 'நாட் க்வைட் த சேம்' ஆனதும் 'ஏறத்தாழ ஒன்றுதான், ஒரு சிறு குறை இருக்கிறது' என்று சாய்ந்துவிடும். வங்கியிலிருந்து உங்கள் கையெழுத்து 'நாட் க்வைட் த சேம்' என்று கடிதம் வந்தால், ஒரு சுழி தப்பியிருக்கிறது என்று கொள்ளுங்கள். யாரோ மோசடி செய்துவிட்டதாகப் பதற வேண்டாம்.

'சார்ட் ஆஃப்', 'கைண்ட் ஆஃப்' இரண்டையும் ஏணியில் வைக்காமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அவை 'கொஞ்சம்' என்ற அளவைச் சொல்வதோடு நிற்பதில்லை. ஒரு பொருள் ஒரு வகைக்குள் அடங்குமா, வேலிமேல் உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் சொல்கின்றன. மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃப் 1972-ல் இத்தகைய மழுப்பல் சொற்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட சோதனை எளிமையானது. "ராபின் ஒரு சார்ட் ஆஃப் பறவை" என்று சொல்லிப் பாருங்கள். பொருந்தாது, ஏனென்றால் ராபின் சந்தேகமே இல்லாத பறவை. "கோழி ஒரு சார்ட் ஆஃப் பறவை", "பெங்குயின் ஒரு சார்ட் ஆஃப் பறவை" என்றால் காது ஏற்றுக்கொள்கிறது. வவ்வாலுக்கு அதைச் சொன்னால் இடிக்கிறது. மாட்டுக்குச் சொன்னால் சிரிப்பு வருகிறது. ஆக, நட்டநடுவில் இருப்பவர்களுக்கும் இந்தச் சொல் பொருந்தாது, வெளியே நிற்பவர்களுக்கும் பொருந்தாது. வாசற்படியில் நிற்பவர்களுக்கே பொருந்தும். விலங்கியல் படி பெங்குயின் முழுப் பறவைதான். ஆனால் நம் மனத்தில் பறவை என்றதும் பறக்கிற ஒன்றுதான் வந்து உட்காருகிறது, பெங்குயின் படியோரம் தள்ளப்படுகிறது.

இங்கே ஓர் ஒற்றை எழுத்து பெரிய வேலை செய்கிறது. "இட்ஸ் எ கைண்ட் ஆஃப் பிரெட்" என்றால் அது ரொட்டியில் ஒரு வகை, ரொட்டியேதான். முன்னால் இருக்கிற 'எ' என்பதை எடுத்துவிட்டு "இட்ஸ் கைண்ட் ஆஃப் லைக் பிரெட்" என்றால் அது ரொட்டி இல்லை, ரொட்டியை நினைவுபடுத்துகிற ஏதோ ஒன்று. தமிழிலும் இதே நுட்பம் ஓர் உருபில் தொங்குகிறது: 'ஒருவகை ரொட்டி' வேறு, 'ஒருவகையில் ரொட்டி' வேறு. 'நான்' ரொட்டியை 'எ கைண்ட் ஆஃப் பிரெட்' என்று சொல்லுங்கள். ஊத்தப்பத்தை அப்படிச் சொல்லாதீர்கள்.

இன்னொரு குழிக்கும் ஒரு கொடி நட்டுவிட்டுப் போகிறேன். 'லைக்' என்பது 'பிடிக்கும்' என்ற வினைச்சொல்லும் அல்லவா? "ஐ கைண்ட் ஆஃப் லைக் இட்" என்றால் 'எனக்கு அது ஓரளவு பிடித்திருக்கிறது'. "இட்ஸ் கைண்ட் ஆஃப் லைக் தட்" என்றால் 'அது ஒருமாதிரி அப்படித்தான் இருக்கும்'. தொடக்கத்தில் இருப்பது 'ஐ'யா 'இட்ஸ்' என்பதா என்று கவனித்தால் குழப்பம் வராது.

எதில் போல?

அளவைச் சொல்லிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. இரண்டு பொருள்கள் ஒன்றுபோல இருக்கின்றன என்றால் எந்த விஷயத்தில் என்ற கேள்வி எழும். இதைத் தமிழ் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் உவமவியல் தொடங்குவதே இந்த இடத்தில்தான். உவமை வினையால் வரும், பயனால் வரும், மெய்யால் வரும், உருவால் வரும் என்று நான்காகப் பிரிக்கிறது அது. புலிபோலப் பாய்ந்தான் என்றால் செயலில் ஒப்பு. மழைபோன்ற கை என்றால் விளையும் பயனில் ஒப்பு. உடுக்கைபோன்ற இடை என்றால் வடிவத்தில் ஒப்பு. பவளம்போன்ற வாய் என்றால் நிறத்தில் ஒப்பு. மழைபோன்ற கை என்றதும் ஈரமான கை என்று யாரும் நினைப்பதில்லை, ஏனென்றால் எதில் ஒப்பு என்பது நமக்குப் பழகியிருக்கிறது. ஆங்கிலத்தின் 'லைக்' என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் 'உடல்' என்று பொருள்பட்ட 'லிக்' என்ற வேரிலிருந்து வந்தது. ஒத்த உடல் உடையது என்பது அதன் ஆதிப்பொருள். தொல்காப்பியர் கணக்கில் அது மெய்யுவமையாகப் பிறந்து மற்ற மூன்றுக்கும் பரவியது என்று சொல்லலாம் போலிருக்கிறது.

ஆங்கிலத்தில் 'எதில்' என்பதைச் சொல்ல மிகச் சுருக்கமான வழி 'சிமிலர் இன்' என்பதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல். 'சிமிலர் இன் சைஸ்', 'சிமிலர் இன் கலர்', 'சிமிலர் இன் டேஸ்ட்'. இங்கே 'த' போடக்கூடாது. ஒற்றைச் சொல்லில் அடங்காமல் ஒரு முழு வாக்கியமே சொல்ல வேண்டியிருந்தால் 'இன் தட்'. வேறுபாட்டையும் கையோடு சொல்லிவிட 'எக்ஸெப்ட் தட்'. இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஒரு விளையாட்டையே ஒரு மூச்சில் விளக்கிவிடலாம். கேரம் பார்த்திராத ஒருவருக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "கேரம் இஸ் எ பிட் லைக் பில்லியர்ட்ஸ் இன் தட் யூ நாக் பீசஸ் இன்டு கார்னர் பாக்கெட்ஸ், எக்ஸெப்ட் தட் யூ ஃப்ளிக் வித் யுவர் ஃபிங்கர்." மூலைக் குழிகளில் தள்ளுவதால் பில்லியர்ட்ஸ் போல, ஆனால் கோலுக்குப் பதில் விரல். முதல் பாதியில் கேட்பவர் மனத்தில் ஒரு படம் விழுகிறது, இரண்டாம் பாதி அந்தப் படத்தில் தவறான இடத்தைத் துடைத்துத் திருத்துகிறது. நான் அன்று இடியாப்பத்துக்குச் செய்யத் தவறியது இந்த இரண்டாம் பாதியைத்தான். "இட்ஸ் எ பிட் லைக் நூடுல்ஸ், எக்ஸெப்ட் தட் இட்ஸ் ஸ்டீம்ட் அண்ட் வீ ஈட் இட் வித் ஸ்வீட் கோகனட் மில்க்" என்றிருந்தால் அவர் முள்கரண்டியையும் சுற்றியிருக்கமாட்டார், பாலையும் மடக்கென்று குடித்திருக்கமாட்டார்.

பேச்சில் 'எக்ஸெப்ட் தட்' என்பதற்குப் பதிலாக 'ஒன்லி' என்றும் வரும்: "இட்ஸ் லைக் பில்லியர்ட்ஸ், ஒன்லி ஸ்மாலர்." நாம் "இன்றைக்குத்தான்" என்ற பொருளில் வாக்கியத்தின் வாலில் ஒட்டுகிற 'ஒன்லி' வேறு, இது ஒப்புமைக்குப் பிறகு வருகிற 'என்ன, கொஞ்சம் சிறியது' என்பதில் உள்ள 'என்ன'.

செய்தித்தாள் மொழியில் ஒப்பிடும்போது அளவு இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் மக்களவையை பிரிட்டனின் ஹவுஸ் ஆஃப் காமன்ஸோடு ஒப்பிட 'ரஃப்லி ஈக்விவலன்ட் டு' பொருந்தும். இரண்டும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிற அவைகள், இரண்டிலும்தான் அரசு பிழைக்கிறது அல்லது கவிழ்கிறது. அதே மூச்சில் மாநிலங்களவையையும் ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸையும் 'ஈக்விவலன்ட்' என்றால் தவறாகிவிடும். மாநிலங்களவை உறுப்பினர்களில் குடியரசுத் தலைவர் நியமிக்கிற 12 பேர் தவிர மற்றவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். பெரும்பாலும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்கால். லார்ட்ஸ் அவை வாக்காளர்களைச் சந்திப்பதே இல்லை. மேலவை என்ற இடம் மட்டும் ஒன்று. அதற்கு 'லூஸ்லி கம்பேரபிள்' என்பதற்கு மேல் கொடுக்க முடியாது.

சாயலும் சாடையும்

மனிதர்களைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலம் இன்னும் கறாராகிவிடும். தமிழில் "உங்கள் புது மேலாளர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால் அது உடல்நலமாகவும் இருக்கலாம், தோற்றமாகவும் இருக்கலாம், குணமாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் தனித்தனிக் கதவு. "ஹவ் இஸ் ஹி?" என்றால் நலமா என்று கேட்பது. "வாட் டஸ் ஹி லுக் லைக்?" என்றால் ஆள் பார்க்க எப்படி. "வாட் இஸ் ஹி லைக்?" என்றால் குணம் எப்படி. மூன்றாவது கேள்விக்கு "உயரமாக, கண்ணாடி போட்டிருப்பார்" என்று பதில் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதில் 'லைக்' இருந்தாலும் ஒப்புமையே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற வீடுகளில் ஒப்புமைச் சொற்களுக்குப் பஞ்சமே இருக்காது. "அப்பனை உரித்து வைத்திருக்கிறது" என்பார் ஒருவர். அது முழு ஒப்பு. ஆங்கிலத்தில் 'ஸ்பிட்டிங் இமேஜ்'. "இல்லை இல்லை, அம்மா சாயலும் கொஞ்சம் இருக்கிறது" என்பார் பெண் வீட்டுக்காரர். இதுதான் பகுதி ஒப்பு. ஆங்கிலத்தில் இதற்கு அழகான ஒரு சொல்முறை உண்டு: "தேர்'ஸ் சம்திங் ஆஃப் ஹெர் மதர் இன் ஹெர்." அவளுக்குள் அவள் அம்மாவின் ஏதோ ஒன்று இருக்கிறது. எது என்று சொல்லாமல் விட்டுவிடுவதில்தான் நயம். எது என்று சொல்ல முடிந்தால் நேராகவே சொல்லிவிடலாம், "ஷி ஹேஸ் ஹெர் மதர்'ஸ் ஐஸ்". 'டேக்ஸ் ஆஃப்டர்' என்பதும் உண்டு. குணத்துக்கும் முகத்துக்கும் இரண்டுக்கும் வரும். ஆனால் அது ஒருவழிப் பாதை. மகள் அம்மாவை 'டேக் ஆஃப்டர்' செய்வாள், அம்மா மகளைச் செய்யமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரரையும் செய்யக்கூடாது. செய்தால் ஊர் வேறு பொருளில் எடுத்துக்கொள்ளும்.

ரத்த உறவு இல்லாத இடத்தில் 'ரிமைண்ட்ஸ் மீ ஆஃப்' பாதுகாப்பானது. "ஹி ரிமைண்ட்ஸ் மீ ஆஃப் மை அங்கிள்" என்றால் என் மாமா நினைவு வருகிறது என்று பொருள். ஒற்றுமை அவரிடம் இருக்கிறதா, என் மனத்தில் மட்டும் இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். இந்த 'ஆஃப்' என்பதை விட்டுவிட்டாலோ 'அபவுட்' ஆக்கினாலோ பொருள் தடம் மாறும். 'ரிமைண்ட் மீ அபவுட்' என்றால் மறந்துவிடாமல் ஞாபகப்படுத்து என்று ஆகிவிடும்.

வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். "ஐ வொர்க்ட் லைக் அன் அக்கவுண்டன்ட்" என்று எழுதியிருப்பதைப் பல விண்ணப்பங்களில் பார்த்திருக்கிறேன். அவர் உண்மையில் கணக்காளராகத்தான் வேலை பார்த்திருப்பார். ஆனால் எழுதியிருப்பது 'கணக்காளரைப் போல வேலை பார்த்தேன்', அதாவது அவர் கணக்காளர் இல்லை. 'ஆஸ்' என்றால் 'ஆக', 'லைக்' என்றால் 'போல'. "ஆசிரியராகப் பேசினார்", "ஆசிரியரைப் போலப் பேசினார்" என்ற இரண்டையும் நாம் ஒருபோதும் குழப்புவதில்லை. இந்த இரண்டு தமிழ்ச் சொற்களையும் மனத்தில் நிறுத்திக்கொண்டால் 'ஆஸ்', 'லைக்' தகராறில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். மிச்சம் இருக்கிற கால்வாசியில் ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டிருக்கிறார்கள். 1954-ல் வின்ஸ்டன் சிகரெட் விளம்பரம் முழு வாக்கியத்துக்கு முன்னால் 'ஆஸ்' வர வேண்டிய இடத்தில் 'லைக்' போட்டுவிட்டது என்று அமெரிக்க இலக்கணக்காரர்கள் கொதித்தார்கள். சிகரெட்டைவிட இலக்கணம்தான் அவர்களுக்குக் கெடுதலாகத் தெரிந்தது போலும்.

மறுத்துச் சொல்லும் ஒப்பு

'நாட் அன்லைக்' என்று ஒன்று உண்டு. 'ஒத்ததல்லாதது அல்ல' என்று பிரித்தால் தலை சுற்றும். ஆனால் தமிழர்களுக்கு இது கைவந்த கலை. "அவருக்கு இதில் ஆசை இல்லாமல் இல்லை" என்கிறோமே, அதே தோரணை. "த டேஸ்ட் இஸ் நாட் அன்லைக் ஜாக்ஃப்ரூட்" என்றால் பலாப்பழச் சுவையோடு ஒற்றுமை இல்லாமல் இல்லை என்று பொருள். ஒப்பை ஒத்துக்கொள்கிற மாதிரியும் இருக்க வேண்டும், முழுக்க ஒத்துக்கொண்டதாகவும் ஆகிவிடக்கூடாது என்கிற நேரத்துக்கு உரியது. ஒரு கட்டுரையில் ஒருமுறை வந்தால் அழகு. ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் ஆங்கில நடையைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த 'நாட் அன்' பழக்கத்தை நன்றாகக் கேலி செய்தார். கருப்பில்லாமல் இல்லாத ஒரு நாய், சிறிதில்லாமல் இல்லாத ஒரு முயலை, பச்சையில்லாமல் இல்லாத ஒரு வயலில் துரத்துவதாக ஒரு வாக்கியத்தை எழுதி, அதை மனப்பாடம் செய்தால் இந்த நோய் தீரும் என்றார்.

நேர் எதிராக, மிகச் சிக்கனமான வழி சொல்லின் வாலில் 'இஷ்' ஒட்டுவது. 'ரெட்டிஷ்' என்றால் சிவப்புச் சாயல், 'யங்கிஷ்' என்றால் இளைஞர் என்றே சொல்லலாம் என்கிற வயது. மணிக்கும் ஒட்டும்: 'செவனிஷ்' என்றால் நாம் சொல்கிற 'ஏழு மணி வாக்கில்'. "ஏழு மணி போல வாருங்கள்" என்றும் சொல்கிறோம், அங்கேயும் அதே 'போல'. இந்த வால் மனிதர்களோடு ஒட்டும்போது சில நேரங்களில் கசக்கும். 'சைல்டிஷ்' என்றால் சிறுபிள்ளைத்தனம், திட்டுவது. 'சைல்ட்லைக்' என்றால் குழந்தையின் கள்ளமின்மை, பாராட்டுவது. ஒப்பு ஒன்றுதான், வால்தான் வேறு. தலைமை ஆசிரியரைப் பாராட்டி வாழ்த்துமடல் எழுதுகிறவர்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும்.

எந்த இடத்தில் எதைச் சொல்வது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 'சார்ட் ஆஃப்', 'கைண்ட் ஆஃப்', 'எ பிட் லைக்' மூன்றும் பேச்சுக்கு. தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் 'சம்வாட் சிமிலர்', 'பிராட்லி சிமிலர்', 'இன் சம் ரெஸ்பெக்ட்ஸ்' என்று எழுதுவார்கள். நேர்முகத் தேர்வில் உங்கள் பழைய வேலையைப் பற்றிக் கேட்கும்போது "இட் வாஸ் சார்ட் ஆஃப் சிமிலர்" என்று இழுத்தால், உங்களுக்கே அதில் உறுதி இல்லை என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்றும். "இட் வாஸ் சிமிலர் இன் மெனி வேஸ்" என்றால் அடுத்த கேள்வி "இன் வாட் வேஸ்?" என்று வரும், அதற்குப் பதில் தயாராக இருந்தால் அது உங்களுக்குச் சாதகம்.

அந்த இங்கிலாந்துக்காரர் போன கோடையில் மறுபடி வந்தார். சாலையோரத்தில் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். இது என்ன என்று கேட்டார். இந்த முறை நான் நிதானமாகத் தொடங்கினேன். பார்ப்பதற்கு எப்படி என்பதற்கு "இட் லுக்ஸ் எ பிட் லைக் எ லிச்சி" என்றேன், தோலுரித்த லிச்சிப் பழத்தின் பளபளப்பை நினைத்து. தொட்டால் எப்படி என்பதற்கு "இட் ஃபீல்ஸ் ரேதர் லைக் ஜெல்லி". சுவைக்கு வந்ததும் மாட்டிக்கொண்டேன். நுங்கின் சுவை எதைப் போல? யோசித்துவிட்டு "இட் டேஸ்ட்ஸ் ஃபெயின்ட்லி லைக் டெண்டர் கோகனட்" என்றேன். அவர் மூன்று சுளைகளைத் தின்றுவிட்டு நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு, "நத்திங் லைக் இட்" என்றார். இளநீரைப் போல இல்லவே இல்லை என்றாரா, இதைப் போல உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்றாரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தொடருக்கு இரண்டு பொருளும் உண்டு. ஐந்தாவது சுளைக்குக் கை நீட்டியபோது இரண்டாவதுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.